மலையிறங்கும் பிக்கப் வண்டிகளும் தேய்ந்த பிரேக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மேட்டுப்பாளையத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சரக்கு வாகனத் தொழிலில் இருப்பவன். முதலில் பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தேன். இப்போது இரண்டு பிக்கப் வண்டிகளுக்கு உரிமையாளர். குன்னூர், கேத்தி, ஊட்டி பகுதிகளிலிருந்து கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு ஆகியவற்றை மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறக்கிக்கொண்டு வருவதே எங்கள் வண்டிகளின் அன்றாட வேலை. மலைப்பாதை விபத்துகள் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வரும்போதெல்லாம், 'பிரேக் பிடிக்காததால் வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது' என்ற ஒரு வரியோடு காரணம் முடிந்துவிடுகிறது. அதைப் படிக்கிறவர்கள், பிரேக் என்பது யாரும் எதிர்பாராத ஒரு நொடியில் இடி விழுவதுபோல் போய்விடும் பொருள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில், பிக்கப் வண்டியின் பிரேக் பெரும்பாலும் வாரக்கணக்கில் சொல்லிவிட்டுத்தான் போகிறது. அது சொல்வதைக் கேட்பவர் ஓட்டுநர்; அதற்குச் செலவு செய்ய வேண்டியவர், அந்த வண்டியில் ஏறாத உரிமையாளர். இந்தச் சிக்கலைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

என் வீட்டில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை இரவு, எங்கள் வண்டியை ஓட்டிவந்த தம்பி சாவியைக் கொடுக்கும்போது, "அண்ணா, பெடல் முன்ன மாதிரி மேல நிக்கறதில்லீங்க, கொஞ்சம் இறங்குதுங்க. இடது பக்கம் கீச்சுனு ஒரு சத்தமும் வருதுங்க" என்றார். நான் பானட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தபட்சக் கோட்டை ஒட்டி நின்றது. கடையில் ஒரு சிறிய கேன் வாங்கி நிரப்பிவிட்டு, "இந்த வாரம் லோடு நெறைய இருக்குது, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை விடியற்காலையில், ஒன்றேகால் டன் கேரட்டுடன் இறங்கிய அந்த வண்டி பர்லியாறு தாண்டி கல்லாறை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, பெடல் பஞ்சுபோல் மெத்தென்று ஆகி அடிவரை போய்விட்டது. அந்தத் தம்பி பதறவில்லை. பெடலைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே, மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் இறக்கி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச் சரிவை ஒட்டிய வாய்க்காலில் சக்கரங்களை இறக்கி வண்டியை நிறுத்தினார். அவருக்குக் கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. சரக்கில் பாதி சாலையில் கொட்டியது. எதிரே அந்த நேரத்தில் ஒரு பேருந்து ஏறி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் எனக்கு மனம் நடுங்குகிறது. திங்கட்கிழமை அவர் என்னிடம் சொன்ன இரண்டு அறிகுறிகளுமே பிரேக்கில் கோளாறு இருப்பதன் தெளிவான அடையாளங்கள் என்பதைத் தெரிந்துகொண்டே ஒத்திப்போட்டது என் குற்றம்.

மறுநாள் பட்டறையில் நான்கு சக்கரங்களையும் கழற்றியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முன் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிப்பவை பேட்கள். இடது முன் சக்கரத்தில், வெளிப்பக்கப் பேடில் 5 மில்லிமீட்டர் கனம் மிச்சமிருந்தது. உட்பக்கப் பேடில் உராய்வுப் பொருளே இல்லை. அதன் இரும்புத் தகடு நேரடியாக டிஸ்க்கில் உரசி, இசைத்தட்டின் கோடுகளைப்போல வட்ட வட்டமாகப் பள்ளம் வெட்டியிருந்தது. இந்த வகை வண்டிகளில், பேட்களை அழுத்தும் பிடியான கேலிப்பரில், ஆயிலின் அழுத்தத்தால் நகரும் பிஸ்டன் பொதுவாக உட்பக்கத்தில் இருக்கும். அது உட்பேடை டிஸ்க்கின்மேல் தள்ளும்போது, கேலிப்பர் முழுவதும் 'பின்' எனப்படும் இரண்டு கம்பிகளின்மேல் நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். அந்தப் பின்களில் ஒன்று தண்ணீர் புகுந்து துருவேறி இறுகிப்போயிருந்ததால், வேலை முழுவதையும் உட்பேடே செய்து தேய்ந்திருக்கிறது. சக்கரத்தின் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பவருக்குக் கண்ணில் படுவது வெளிப்பேடு மட்டுமே. 'எட்டிப் பார்த்தேன், பேட் இருக்கிறது' என்று சொல்லும் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பின் சக்கரங்களில் டிஸ்க்குக்குப் பதில் டிரம்; அதன் உட்சுவரை அழுத்திப் பிடிப்பவை ஷூக்கள். வலது பின் சக்கரத்தில் ஆக்சில் ஆயில் சீல் போய், ஷூவின்மேல் எண்ணெய் படிந்து, அதன் உராய்வுப் பட்டையான லைனிங் கண்ணாடிபோல் பளபளத்தது. பிரேக் ஆயிலோ காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது. திங்கட்கிழமை நான் பார்த்த ஆயில் குறைவு கசிவால் வந்ததல்ல. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகர்கிறது, அதன் பின்னால் உண்டாகும் இடத்தை ஆயில் போய் நிரப்புகிறது, அதனால் டப்பாவில் அளவு இறங்குகிறது. அதாவது அந்தக் குறைவே வண்டி எனக்குக் காட்டிய தேய்மானக் கணக்கு. அதை நான் ஒரு கேன் ஆயிலால் மறைத்துவிட்டேன்.

ஆகவே அறிகுறிகளைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல பேட்களில் ஒரு சிறிய இரும்பு நாக்கு பொருத்தப்பட்டிருக்கும். பேட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். அந்தக் கத்தல் வண்டியைத் தயாரித்தவர்களே வேண்டுமென்று வைத்த எச்சரிக்கை மணி. மழையில் நனைந்து இரவெல்லாம் நின்ற வண்டியை அதிகாலையில் எடுக்கும்போது முதல் இரண்டு மூன்று அழுத்தங்களில் வரும் உரசல் சத்தம், டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருவால் வருவது. அது உடனே மறைந்துவிடும், அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் கீச்சென்றால் பேடைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கீச்சொலி மாறி, கல்லில் இரும்பைத் தேய்ப்பதுபோல் கரகரவென்று வரத் தொடங்கினால், உராய்வுப் பொருள் தீர்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்று பொருள். அந்த வண்டியை அதற்குமேல் ஒரு வளைவுகூட இறக்கக் கூடாது. கீச்சொலிக்கும் கரகரப்புக்கும் நடுவில் பெரும்பாலும் சில நூறு கிலோமீட்டர்கள் இருக்கும். எங்களைப் போன்றவர்கள் 'ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்' என்று சொல்லி வீணாக்குவது இந்த இடைவெளியைத்தான்.

சத்தமே போடாத அறிகுறிகளும் உண்டு. மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு பக்கக் கேலிப்பர் இறுகியிருக்கலாம், அல்லது ஒரு பக்கத்தில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். பெடல் காலடியில் துடிப்பதுபோல் மேலும் கீழும் அதிர்ந்தால் டிஸ்க்கின் கனம் சீராக இல்லை. கைப்பிரேக் முன்பைவிட அதிகப் பற்கள் ஏறிய பிறகுதான் பிடிக்கிறது என்றால் பின் ஷூக்கள் தேய்ந்திருக்கின்றன, அல்லது அவற்றின் அட்ஜஸ்டர் வேலை செய்யவில்லை. பின்பக்க டிரம்மைக் கழற்றாமலே அதன் நிலையை ஓட்டுநர் அறிய எளிய வழி இதுதான். சமவெளியில் அதிகம் பிரேக் பிடிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவந்து நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தால், அளவுக்கு மீறிச் சூடாக இருக்கும் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். மலையிறங்கிய பிறகு அதே சோதனையைச் செய்தால், மற்றவை சுடும்போது குளிர்ந்திருக்கும் சக்கரம் வேலையே செய்யாத சக்கரம்.

காலையில் வண்டியை எடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனைக்கு இரண்டு நிமிடங்கள் போதும். எஞ்ஜினை அணைத்த நிலையில் பெடலை நான்கைந்து முறை மிதித்தால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் வேக்குவம் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு எஞ்ஜினைக் கிளப்பினால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் நலமாக இருக்கிறது. அதன்பின் எஞ்ஜின் ஓடும் நிலையில் பெடலை அரை நிமிடம் உறுதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அது நின்ற இடத்திலேயே நின்றால் நல்லது; மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர்கள் போய்விட்டன. சக்கரங்களின் உட்பக்கத்தில் ஈரக் கறை ஏதும் வழிந்திருக்கிறதா என்று குனிந்து ஒரு முறை பார்ப்பதும் இதில் அடங்கும். எங்கள் வண்டிகளில் இப்போது இது முடியாமல் சாவி திரும்புவதில்லை.

மலைப்பாதையில் இந்தத் தேய்மானம் ஏன் இவ்வளவு ஆபத்தாகிறது என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். சரக்கோடு 3 டன் எடையுள்ள ஒரு வண்டி இந்த ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 140 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்ஜின் தாங்க வேண்டும், அல்லது பேடும் ஷூவும் தாங்க வேண்டும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும், கொண்டை ஊசி வளைவுகளில் காவல்துறை தாழ்ந்த கியரில் செல்லுமாறு பலகை வைத்திருப்பதும் இந்த வெப்பத்தை எஞ்ஜினிடம் ஒப்படைப்பதற்காகவே. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இன்றைய டீசல் எஞ்ஜின்கள் எரிபொருளை அநேகமாக முழுவதும் நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்ஜின் ஐடிலில் ஓட டீசல் செலவாகிறது. எஞ்ஜினையே அணைத்து இறக்குபவர்களுக்கு, இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு பூஸ்டரின் உதவி இருக்காது, ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

இதில் பிரேக் ஆயிலின் பங்கைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நீலகிரியின் பனியிலும் மழையிலும் ஓடும் வண்டிகளில் அது இன்னும் வேகமாக நடக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரநிலை. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த எல்லை 140 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155. பேட் புதிதாக இருக்கும்போது அதன் கனமே வெப்பத்துக்கும் பிஸ்டனுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும். பேட் தேய்ந்து தகடாகிவிட்டால் டிஸ்க்கின் சூடு நேராகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போய்ச் சேரும். பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகிவிட்டால், மிதிக்கும் அழுத்தம் அந்தக் குமிழிகளைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், சக்கரத்துக்குப் போகாது. எங்கள் வண்டியின் பெடல் பஞ்சுபோல் ஆனது இப்படித்தான். ஒரு மணி நேரம் கழித்து மீட்பு வண்டி வந்தபோது, ஆயில் ஆறி, பெடல் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. 'பிரேக் நல்லாத்தானே இருக்குது' என்று பார்க்க வந்தவர்கள் ஓட்டுநரைச் சந்தேகப்பட்டார்கள். ஆறிய பிறகு பிரேக் பிடிப்பதால் ஓட்டுநர் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதை விபத்தை விசாரிப்பவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அதிகச் சரக்கு ஏற்றுவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் சேர்ப்பது எங்கள் தொழிலில் பரவலான வழக்கம். பல பிக்கப் வண்டிகளில் சேஸிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே, எல்.எஸ்.பி.வி. என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு வால்வு இருக்கிறது. சரக்கு ஏறி வண்டியின் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்பதை ஒரு கம்பியின் வழியாக உணர்ந்து, அதற்கேற்றபடி பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலை. கூடுதல் பட்டை போட்ட வண்டி இரண்டு டன் ஏற்றினாலும் அமுங்குவதில்லை. வால்வோ வண்டி காலியாக இருப்பதாக எண்ணி, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்தே வைக்கிறது. அதிகச் சரக்கு, பாதி வேலை செய்யும் பின் பிரேக், சுமை முழுவதும் முன் பேட்களின் தலையில் என்ற நிலை அப்படித்தான் உண்டாகிறது. முன் பேட்கள் எதிர்பார்த்ததில் பாதி நாளில் தேய்ந்துபோவதற்குப் பேடின் தரத்தைத் திட்டுகிற உரிமையாளர்கள், தாங்கள் சேர்த்த பட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதித்த எடையை மீறினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. அபராதத்துக்குப் பயந்தாவது எடையைக் குறைப்பவர்கள் தங்கள் பேடையும் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

மாற்ற வேண்டிய அளவு என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். புதிய பேடில் உராய்வுப் பொருளின் கனம் பொதுவாக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு இறங்கியதும் மாற்றிவிடுவது நல்லது; மலைக்குப் போகும் வண்டிக்கு நான் 4 மில்லிமீட்டரையே எல்லையாக வைத்திருக்கிறேன். அளவுகோல் இல்லாத ஓட்டுநருக்கு ஒரு வழி சொல்கிறேன்: நான்கு ஏ.டி.எம். அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனமும், டிரம்மின் அதிகபட்ச உள்விட்டமும் பெரும்பாலும் அந்தந்தப் பாகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். தேய்ந்த டிஸ்க்கையும் டிரம்மையும் எத்தனை முறை கடைசல் போட்டுச் சமன்செய்யலாம் என்பதைப் பட்டறைக்காரரின் அனுபவம் முடிவு செய்யக் கூடாது. அந்த எண்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லையைத் தாண்டிக் கடைந்த டிரம் மெலிந்து, சூட்டில் எளிதில் விரிந்து, ஷூ அதை எட்டிப் பிடிப்பதற்குள் பெடல் பாதி தூரம் போய்விடும்.

பேட் மாற்றும் வேலை கடினமானதன்று. ஆனால் அவசரத்துக்கு இடம் கொடுக்காத வேலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகுதான் ஜாக்கி போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை விடக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். கேலிப்பரைக் கழற்றியதும் அதை ரப்பர் ஹோஸில் தொங்கவிடும் பழக்கத்தைப் பல பட்டறைகளில் பார்க்கிறேன். உள்ளே நூலிழை அறுந்து, பின்னொரு நாள் அது வீங்கும். ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பாவில் ஆயில் ஏறி வழியும் என்பதால் முதலில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்; பெயிண்டின்மேல் வழிந்தால் பெயிண்ட் உரிந்துவிடும். எங்கள் வண்டியைக் கவிழ்க்கப் பார்த்த அந்தப் பின்கள் இரண்டையும் வெளியே எடுத்து, துடைத்து, அதற்கென்று விற்கும் சூடு தாங்கும் கிரீஸைப் பூசி, கையால் தள்ளினால் நழுவுகிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும். சாதாரண கிரீஸ் அங்கிருக்கும் ரப்பரை ஊத வைத்துவிடும். பேட் மட்டும் மாற்றிப் பின்னைத் தொடாமல் விட்டால், புதிய பேடும் பழைய பேடின் வழியிலேயே போகும். ஒரு பக்கத்துக்கு மட்டும் புதிது போடுவது வேண்டாம்; ஒரே ஆக்சிலின் இரு பக்கங்களுக்கும் சேர்த்தே மாற்றினால்தான் வண்டி நேராக நிற்கும்.

பின்பக்க டிரம்மைத் திறந்தால் ஷூவோடு சேர்த்து, அதைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். எண்ணெய் பட்ட லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் மீண்டும் மாட்டுவதை நானே செய்திருக்கிறேன். அது சூடேறும்போது உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி வெளியே வரும். எனவே மாற்றுவதே வழி. கசிவின் மூலத்தைச் சரிசெய்யாமல் புதிய ஷூ போடுவதிலும் பயனில்லை. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதும் வேலையைப் பட்டறைச் சிறுவர்களிடம் கொடுக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும்; எந்த லைனிங் தூசியும் நுரையீரலுக்கு நல்லதன்று. ஈரத் துணியோ, பிரேக் கிளீனரோ போதும்.

எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை அசைக்கும் முன், பெடல் இறுகும் வரை மிதிக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில மிதிகளுக்குப் பிரேக் இருக்காது. இதை மறந்து பட்டறைச் சுவரில் மோதிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆயிலை முழுவதும் மாற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, அதாவது ஏர் எடுக்கும்போது, பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ள சக்கரத்தில் முடிப்பார்கள். அந்தந்த வண்டியின் கையேட்டில் வேறு வரிசை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்ற வேண்டும். கையில் கிடைத்தது என்று எஞ்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ சிறிது ஊற்றிவிட்டால்கூட எல்லா ரப்பர் வாஷர்களும் ஊதிக் கெட்டுவிடும். புதிய பேட் போட்ட அன்றே மலைக்கு லோடு அனுப்புவது பெரும் தவறு. 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாகக் குறைத்து, ஆற விட்டு, இப்படி இருபது முப்பது முறை சமவெளியில் செய்த பிறகே பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தும். எங்கள் வண்டிகளுக்கு நாங்கள் காரமடை வரை இரண்டு முறை காலியாக ஓட்டிவிட்டு, மறுநாள்தான் மலையேற்றுகிறோம்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: முன் சக்கரங்களுக்கான ஒரு செட் பேடின் விலை, எங்கள் கணக்கில், மலைக்கு ஒரு நடை போய்வரும் வாடகையை மிஞ்சுவதில்லை. கரகரப்பு வரும்வரை ஓட்டினால் அதோடு இரண்டு டிஸ்க்கும் சேர்ந்துகொள்ளும். உண்மையில் எங்களைத் தடுப்பது பேடின் விலையன்று; வண்டி ஒரு நாள் நிற்பதுதான். மண்டிக்குச் சரக்கு வரும் நாளில் வண்டியை நிறுத்தினால் அடுத்த நாள் அந்த விவசாயி வேறு வண்டியைப் பிடித்துவிடுவார் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. மாதச் சம்பளத்துக்கோ நடைக் கூலிக்கோ ஓட்டும் ஓட்டுநருக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். வண்டி நின்றால் அவருக்கு அன்றைய கூலி இல்லை. அடிக்கடி குறை சொன்னால் 'இவன் வண்டியைப் போட்டு வைக்கிறவன்' என்ற பெயர் வேறு. அதனால் பெடல் இறங்குகிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் மலையிறங்குகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் வண்டிகளில் அந்த விபத்துக்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன்: பிரேக்கில் குறை என்று ஓட்டுநர் சொன்னால் அன்று வண்டி நிற்கும், அவருடைய கூலி நிற்காது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அவர்கள் அப்படி நிறுத்தச் சொன்ன நாட்கள் மிகச் சில. ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்றியபோது அவர்கள் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

தகுதிச் சான்று (எஃப்.சி.) இருக்கிறதே என்று கேட்கலாம். சரக்கு வாகனங்களுக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தினமும் மலையிறங்கும் வண்டியில் பேட் சில மாதங்களுக்குள் தீர்ந்துவிடும். எஃப்.சி. எடுத்த நாளில் பிரேக் நன்றாக இருந்தது என்பதற்கு மட்டுமே அந்தச் சான்று பொருந்தும். எனவே அதிகாரிகளிடம் என் வேண்டுகோள், சோதனையை அடிவாரத்தில் செய்வதைவிட மேலே, இறக்கம் தொடங்கும் இடத்தில், சரக்கு ஏற்றிய வண்டிகளை நிறுத்திச் செய்ய வேண்டும் என்பது. பெடலை அரை நிமிடம் அழுத்திப் பார்ப்பது, கைப்பிரேக் எத்தனையாவது பல்லில் பிடிக்கிறது என்று பார்ப்பது, ஆயிலின் அளவையும் நிறத்தையும் பார்ப்பது, கூடுதல் பட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, இவற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் போதும். குறை தெரிந்தால் ஓட்டுநரிடம் அபராதம் வாங்கிக்கொண்டு அப்படியே இறங்க விடுவதில் எந்தப் பொருளும் இல்லை. சரக்கை மாற்று வண்டியில் ஏற்றிவிட்டு, அந்த வண்டியை அங்கேயே நிறுத்தி, உரிமையாளரை வரவழைக்க வேண்டும். என்னை அன்று அப்படி வரவழைத்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், ஆனால் அந்தத் தம்பியின் விரல்கள் முறிந்திருக்காது.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மலைப்பாதையில் ஒரு சரக்கு வண்டி கவிழ்ந்த செய்தி வரும்போது, உங்கள் செய்தியாளர் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைச் செய்தியிலேயே அச்சிட வேண்டும்: அந்த வண்டிக்குப் பேடும் ஷூவும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன, பிரேக் ஆயில் எப்போது மாற்றப்பட்டது, விபத்துக்கு முந்தைய நாட்களில் ஓட்டுநர் உரிமையாளரிடம் ஏதாவது குறை சொன்னாரா? மூன்றாவது கேள்வியை ஓட்டுநரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பிக்கப் வாகன உரிமையாளர் ஒருவர்,
மேட்டுப்பாளையம்